மூணு சட்டி பொடிக்கல்

அன்னிக்கு மலைக்குப் போனவங்க இவங்க.

எங்க இளைஞர் மன்றத் தலைவர். சொந்தமா ஒரு லோடு வண்டி வெச்சிருக்கார். அவர்தான் ஓட்டினார். மன்றச் செயலாளர், நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு. அந்தப் பொண்ணோட சித்தி மகள், பன்னண்டாவது முடிச்சது. ஒயரிங் வேலை பார்க்கிற தம்பி. காலேஜ் படிக்கிற ரெட்டைப் பசங்க, ரெண்டு பேர். கல்யாண வூடுகளுக்குச் சமைக்கப் போற அக்கா. நான்.

எட்டு பேர்.

நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன். செய்யிறது கல்லு வேலை. கொல்லையில கல்லு பொறுக்கிக் கரை கட்டுவேன். அஸ்திவாரத்துக்குக் கருங்கல்லு வைப்பேன். வடக்கனந்தல் சுத்துப்பட்டுல நான் வெச்ச கரை நிறைய நிக்குது. மன்றத்துல இருக்கிற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு. ஆனாலும் கூப்பிடுவாங்க. மத்தவங்களுக்கு மனசு இருக்கு. கடப்பாரை பிடிக்கத் தெரியாது.

எங்க மன்றம் சின்னது. ஏரி வாய்க்கால் தூர் எடுப்போம். ரத்தம் குடுப்போம். பள்ளிக்கூடத்துச் சுவத்துக்கு வெள்ளை அடிப்போம். அந்த வருஷம் மாவட்டத்துல இருந்து ஒரு ஆபீசர் வந்தார். வெளியூர்ல ரெண்டு நாள் தங்கி ஒரு சேவை செய்யணும், கூடவே மலை ஏறுறது மாதிரி ஏதாவது ஒண்ணு செய்யணும், போட்டோவோட ரிப்போர்ட் குடுத்தா மன்றத்துக்கு விளையாட்டுச் சாமான் கிடைக்கும்னு சொன்னார். மொத நாள் சேவை, ரெண்டாம் நாள் அருவின்னு முடிவு பண்ணினோம்.

கல்வராயன் மலையில ஒரு சின்ன ஊர். பேர் எழுதல. அங்க பெட்டிக்கடை வெச்சிருக்கிறவர் தலைவருக்குப் பழக்கம். கடுக்காய் மூட்டை ஏத்தப் போனப்போ வந்த பழக்கம். ஊர்ப் பசங்க ஆட எடம் இல்லன்னு அவர்தான் போன்ல சொன்னார். தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல சமமா ஒரு எடம் இருக்கு, சுத்தம் பண்ணிக் குடுத்தா பசங்க வாலிபால் ஆடுவாங்கன்னார். தலைவர் ரெண்டு இரும்புக் கம்பமும் ஒரு வலையும் வாங்கினார். ரெண்டு மூட்டை சிமெண்ட் ஏத்தினார்.

விடிஞ்சதும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி டேம் தாண்டி, வண்டி மேல ஏறிச்சு. தலைவரும் சமையல் அக்காவும் முன்னால. நாங்க ஆறு பேர் பின்னால, கம்பத்து மேல உட்கார்ந்துக்கினு போனோம். மூணாவது வளைவுல ரெட்டையில ஒருத்தன் வாந்தி எடுத்தான்.

"டேய், எடுத்தது பெரியவனா சின்னவனா?"ன்னு ஒயரிங் தம்பி கேட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே இட்லிதாண்ணா துன்னோம்"னான் வாந்தி எடுக்காதவன்.

"அப்ப நீயும் எடுத்துடு. பேதம் பார்க்கக் கூடாது பாரு."

"எனுக்கு இன்னும் ரெண்டு வளைவு போவணும்ணா. நான் பத்து நிமிசம் லேட்டாப் பொறந்தவன்."

அந்தப் பையன் சொன்ன மாதிரியே ரெண்டு வளைவு கழிச்சு எடுத்தான். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அருவியில குளிக்க அவங்க புதுத் துண்டு ரெண்டு வாங்கி வெச்சிருந்தாங்க. வாயை அதுல துடைக்க மாட்டேன்னு சட்டையில துடைச்சுக்கிட்டான்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்போ மணி ஒன்பது இருக்கும். ஊர்ல ஆள் இல்ல. கதவெல்லாம் கயிறு போட்டுக் கட்டி இருந்தது. கடுக்காய் பொறுக்குற நாள். புள்ளைங்களையும் கூட்டிக்கினு காட்டுக்குப் போயிருந்தாங்க. கடைக்காரர் சரக்கு வாங்க வெள்ளிமலைக்குப் போயிருந்தார். ஒரு நாய் இருந்தது. அது குலைக்கக்கூட இல்ல.

தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல சமமான எடம் ஒண்ணு இல்ல, ரெண்டு இருந்தது. தொட்டிக்குக் கீழ ஒண்ணு. ஆள் உசரம் உன்னிச்செடி, நடுவுல முள்ளு. தொட்டிக்கு மேல ஒண்ணு. ஒரு பலாமரம், அதைச் சுத்திச் சமதரை. ஒரு முள்ளு கிடையாது. கல்லு மட்டும் கெடந்தது.

"இதாண்ணா எடம்"னு தலைவர்கிட்ட சொன்னேன். சொன்னது நான்தான்.

செயலாளர் பொண்ணு மட்டும் நின்னுச்சு. "அண்ணா, யாராச்சும் வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"அவங்க எப்ப வர்றது, நாம எப்ப முடிக்கிறது? கீழ் எடம்னா நாலு நாள் வேலை. இது கல்லைப் பொறுக்கிட்டா ரெடி. அரை நாள்"னேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். கல்லு விஷயத்துல என் பேச்சைக் கேட்பார். "சரி, எறங்குங்கடா"ன்னார்.

அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டுக்காக ஒரு போட்டோ எடுத்துச்சு. வேலைக்கு முன்னாடி ஒண்ணு, வேலைக்குப் பின்னாடி ஒண்ணு வேணுமாம். தொட்டி மேல ஏறி நின்னு, எடம் முழுசும் தெரியிற மாதிரி எடுத்தது.

இப்ப ரெண்டு விஷயம் எழுதணும்.

ஒண்ணு. அந்த எடம் பெருக்கி இருந்தது. விளக்குமாத்துக் கோடு மண்ணுல தெரிஞ்சது. பலாமரத்துக்குக் கீழ ஒரு இலைகூட இல்ல. நான் பார்த்தேன். பார்த்துட்டு, வேலை கம்மின்னு நெனச்சேன்.

இன்னொண்ணு. கெடந்தது எல்லாம் ஓடைக்கல்லு. தண்ணியில உருண்டு வழவழன்னு ஆன கல்லு. ஓடை கீழ, ரொம்ப தூரத்துல ஓடுது. மேட்டுல ஓடைக்கல்லு தானா வராது. மத்த ஏழு பேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். கையில எடுத்ததும் நல்ல கல்லுன்னு நெனச்சேன். அவ்ளோதான் நெனச்சேன்.

எனக்குக் கல்லைப் பார்த்தா கை தானா பிரிச்சிடும். பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம். பெரிய கல்லை வெச்சு மைதானத்துக்கு ஓரம் கட்டினேன். தொட்டிப் பக்கம் ஏறி வர ரெண்டு படி வெச்சேன். நல்லா உக்காந்தது. தலைவர் ஏறி நின்னு குதிச்சுப் பார்த்தார். அசையல. சமையல் அக்கா அடுப்பு கூட்ட மூணு பெரிய கல்லு கேட்டாங்க. நானே பொறுக்கிக் குடுத்தேன்.

சின்னக் கல்லு தனியா இருந்தது. உள்ளங்கையில அடங்குறதுலேருந்து தேங்காய் பருமன் வரைக்கும்.

"இதெல்லாம் இன்னா பண்றதுண்ணா?"ன்னு ரெட்டையில ஒருத்தன் கேட்டான்.

"பொடிக்கல்லு கரைக்கு ஆவாது. சட்டியில அள்ளு. கம்பத்துக் குழியில போட்டு சிமெண்ட் ஊத்தினா கம்பம் ஆடாது."

அவன் மண்ணு தூக்குற இரும்புச் சட்டியில அள்ளினான். மூணு சட்டி ஆச்சு. ஒரு குழிக்கு ஒண்ணரை சட்டி. குழிக்குள்ள கொட்டினப்போ கடகடன்னு சத்தம் கேட்டது.

கம்பம் நேரா நிக்குதான்னு பார்க்கத் தூக்குக்குண்டு வேணும். நான் வூட்டுல மறந்துட்டு வந்துட்டேன். மறக்கவே மாட்டேன், அன்னிக்கு மறந்துட்டேன். சட்டியில துழாவினேன். ஒரு கல்லு கிடைச்சது. கைக்குள்ள அடங்கிச்சு. கருப்பு. நடுவுல லேசா ஒடுங்கி இருந்தது, இடுப்பு மாதிரி. அந்த ஒடுக்கத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு. நூலை அந்தக் கோட்டு மேலயே கட்டினேன். நழுவல. கல்லு தொங்கிச்சு, சுத்திச்சு, நின்னுச்சு. கம்பம் நேரா இருந்தது.

கல்லு எனக்குப் பிடிச்சுப் போச்சு. நூலோட சுருட்டி என் பையில போட்டுக்கிட்டேன். வூட்டுக்கு எடுத்துக்கினு போகலாம்னு.

மதியம் சிமெண்ட் ஊத்தி முடிச்சோம். சோறு, கத்திரிக்காய் சாம்பார், அப்பளம். நான் வெச்ச படியில உட்கார்ந்து துன்னோம். அக்காவை ரெட்டைப் பசங்க கிண்டல் பண்ணினாங்க. "இன்னாக்கா, எட்டுப் பேருக்கு எண்பது பேர் சோறு வடிச்சிட்டீங்க?"

"எனக்கு கல்யாணச் சோறுதாண்டா தெரியும். கம்மியா வடிச்சா கை நடுங்குது."

"மாப்பிள்ளை யாருக்கா?"

"நீங்க ரெண்டு பேரும்தான். பொண்ணு ஒண்ணே ஒண்ணு. அதோ, அந்த நாயி."

நாய் அங்கயே நின்னுக்கினு இருந்தது. சோறு வெச்சாங்க. அது பலாமரத்துப் பக்கம் வரவே இல்ல. எட்டி நின்னே பார்த்தது. சோத்தைக் கொண்டுபோய் வெளியே வெச்சதும் துன்னது.

மணி நாலு இருக்கும். சனங்க காட்டுல இருந்து வர ஆரம்பிச்சாங்க. முன்னால ஒரு பொம்பளை. இருபத்தஞ்சு வயசு சொல்லலாம். தலையில கடுக்காய் மூட்டை. தொட்டிகிட்ட வந்ததும் நின்னாங்க. மூட்டையை எறக்கி வெச்சாங்க. செருப்பைக் கழட்டிட்டு மேல வந்தாங்க. எங்களை யாரையும் பார்க்கல. மரத்துக்கு வடக்கு மூலைக்கு நேராப் போய்க் குந்தினாங்க. தரையைக் கையால தடவினாங்க.

நான் கிட்ட போனேன். நல்லா வேலை செஞ்சிருக்கோம்னு நெனப்பு.

"இங்க கல்லு இருந்துச்சே"ன்னாங்க.

"எடுத்துட்டோம்மா. எடம் சுத்தமாச்சு. இனிமே புள்ளைங்க கால்ல இடிக்காது."

"எங்க?"

படியைக் காட்டினேன். ஓரம் கட்டினதைக் காட்டினேன். அவங்க ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க.

"சின்னது?"

கம்பத்தைக் காட்டினேன். "அதுக்குள்ள போட்டு சிமெண்ட் ஊத்திட்டோம். ஆடவே ஆடாது"ன்னு சொன்னேன். இந்த வாயால சொன்னேன்.

அந்தம்மா கம்பத்துக்கிட்டப் போய் ஈர சிமெண்ட் மேல கையை வெச்சாங்க. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்ல. கத்தலும் இல்ல. மூச்சு உள்ள போற சத்தம். வெளிய வரல.

பின்னால வந்தவங்க எல்லாம் தொட்டிகிட்டயே நின்னுட்டாங்க. ஐம்பது வயசுல ஒருத்தர் மட்டும் மேல வந்தார். ஊருக்குப் பொறுப்பானவர் போல. சட்டை இல்ல, தோள்ல கொக்கி கட்டின கம்பு.

"யாருங்க நீங்க?"ன்னார். கோவமே இல்லாம கேட்டார்.

தலைவர் மன்றத்துப் பேரைச் சொன்னார். சேவைன்னார். கடைக்காரர் பேரைச் சொன்னார்.

"அவன் சொன்னது கீழ் எடம். முள்ளுக்காடு. இது நாங்க செத்த ஆளை வெக்கிற எடம். ஒரு ஆளுக்கு ஒரு கல்லு. ஓடையில இருந்து அந்த வூட்டுக்காரங்களே தூக்கியாந்து வெப்பாங்க. ஆளு எவ்ளோ பெருசோ அவ்ளோ பெரிய கல்லு."

அவ்ளோதான் சொன்னார்.

எனக்கு மொதல்ல படிதான் ஞாபகம் வந்தது. தலைவர் குதிச்சுப் பார்த்தது. நாங்க உட்கார்ந்து துன்னது. அப்புறம், ஆளு எவ்ளோ பெருசோன்னு அவர் சொன்னது திரும்பக் காதுல கேட்டது. அந்தப் பொம்பளை கை வெச்சிருக்கிற குழியைப் பார்த்தேன். மூணு சட்டி.

சமையல் அக்கா அடுப்புக்கு ஓடினாங்க. நெருப்பைத் தண்ணி ஊத்தி அணைக்கப் போனவங்க, செம்பைத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. சுடுற கல்லுல தண்ணி ஊத்தினா வெடிச்சிடும்னு நெனப்பு வந்திருக்கும். செம்பை வெச்சிட்டு, கொள்ளியை ஒவ்வொண்ணா வெறுங்கையால இழுத்துப் போட்டாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டே இழுத்தாங்க. ரெண்டு விரல் கொப்பளிச்சிடுச்சு.

தலைவர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு அந்தப் பெரியவர் கால்ல விழப் போனார். அவர் ஒதுங்கிக்கிட்டார்.

"மொதல்ல செருப்பைக் கழட்டுங்க."

எட்டுப் பேரும் செருப்போட நின்னுக்கினு இருந்தோம்.

கழட்டிட்டு நான் கடப்பாரையை எடுத்தேன். சிமெண்ட் ஊத்தி மூணு மணி நேரம் ஆச்சு. மேல இறுகிடுச்சு, உள்ள இன்னும் முழுசா பிடிக்கல. விடியட்டும்னு விட்டா எல்லாம் சேர்ந்து ஒரே பாறை. இப்பவே தோண்டணும். ஆனா கடப்பாரையை ஓங்கி எறக்க முடியல. உள்ள இருக்கிறது பொடிக்கல்லுன்னு காலையில நெனச்ச கை இது. இப்ப ஓங்க மாட்டேங்குது.

"குத்தாதீங்க"ன்னு அந்தம்மாவும் சொன்னாங்க.

கடப்பாரையைப் போட்டுட்டேன். கம்பத்தைச் சுத்தி வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டினோம். குழியை விடப் பெரிய குழி. கரண்டியால, கொட்டாங்குச்சியால, கையால. சிமெண்ட் கட்டி முழுசா வெளிய வந்தது. அதைத் தண்ணியில நனைச்சு, ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்தோம். ஊர் ஆம்பளைங்க நாலு பேர் வந்து ரெண்டாவது குழியில எறங்கினாங்க. காலையில சட்டியில அள்ளிக் கொட்டினது ரெட்டையில ஒருத்தன்தான். ஒவ்வொரு கல்லா ரெண்டு கையாலயும் வாங்கி வெச்சான். பொழுது சாயிறதுக்குள்ள எல்லாம் வெளிய வந்தது. எல்லாமே சாம்பல் நிறம். எது எதுன்னு தெரியல. நனைஞ்ச சாக்கு போட்டு மூடினோம். இறுகக் கூடாதுன்னு.

அன்னிக்கு அந்தச் சோத்தை யாரும் தொடல. எண்பது பேர் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் அருவிக்குப் போக வேண்டிய நாள். விடிஞ்சதும் கல்லை எல்லாம் தூக்கிக்கினு ஓடைக்குப் போனோம். சட்டியில எடுக்கல. ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ரெண்டுன்னு கையில எடுத்துக்கினு போனோம். மூணு நாலு நடை ஆச்சு.

நான் தேய்ச்சேன். தேங்காய் நாரு, மணல். ஒரு கல்லுக்குப் பத்து நிமிசம். இடுக்குல இருக்கிற சிமெண்டை மூங்கில் குச்சியால எடுத்தேன். கம்பி வெச்சாக் கோடு விழும். ரெட்டைப் பசங்க குளிக்க வெச்சிருந்த புதுத் துண்டுல துடைச்சாங்க. ஊர் சனங்க கரையில உட்கார்ந்து பார்த்துக்கினு இருந்தாங்க. ஒரு கல்லு வெளுத்து வந்ததும் யாராவது ஒருத்தர் எழுந்து வருவாங்க. வாங்கிக்கினு போவாங்க. எப்படித் தெரியுதுன்னு நான் கேக்கல. நான் வெச்ச கரையில எந்தக் கல்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் கூலிக்குத் தூக்கினதே எனக்குத் தெரியிது.

வாங்க ஆள் வராத கல்லும் இருந்தது. ரொம்பப் பழசு. அதுக்குத்தான் அந்தப் போட்டோ உதவிச்சு. செயலாளர் பொண்ணு ரிப்போர்ட்டுக்கு எடுத்தது. மேல போய் போனை வெச்சுப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாங்க. பெரியவர் குனிஞ்சு பார்த்து, இது இங்க, அது அங்கன்னு சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். போட்டோவுல வரிசை தெரிஞ்சது. நேர் வரிசை. பெருசு பக்கத்துல சிறுசு. ஒரு பெருசுக்குப் பக்கத்துல மூணு சிறுசுகூட இருந்தது. முந்தின நாள் காலையில என் ரெண்டு கண்ணும் இதைத்தான் பார்த்தது. வரிசை தெரியல. கல்லுதான் தெரிஞ்சது.

"இவ்ளோ சின்னது ஏங்க?"ன்னு செயலாளர் பொண்ணு பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்ட மெதுவாக் கேட்டுச்சு.

"ரோடு வர்றதுக்கு முன்னாடி. சேலையில தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு எறங்குவோம். பாதி வழியில திரும்பிடுவோம்"னாங்க.

நர்சிங் படிக்கிற பொண்ணு. அதுக்கு மேல எதுவும் கேக்கல.

வெயில் சாயிறப்போ கடைசிக் கல்லும் தேய்ச்சு முடிச்சேன். வடக்கு மூலை அம்மா காலையில இருந்து ஓடையில எனக்கு எதிர்க்கவே குந்திக்கினு இருந்தாங்க. ஒவ்வொரு கல்லு வெளுக்கிறப்பவும் கழுத்தை நீட்டிப் பார்த்தாங்க. கடைசிக் கல்லையும் பார்த்தாங்க. தலையை ஆட்டினாங்க. இல்ல.

"இன்னொரு தடவை குழியைப் பார்த்துட்டு வரேம்மா"ன்னு எழுந்தேன். "எப்படி இருக்கும்?"

அவங்க வலது கையை நீட்டி விரலை மடக்கினாங்க. "இவ்ளோதான். கருப்பு. பொறந்து இருபது நாளு. அர்ணாக்கயிறு கட்டல இன்னும். அதான் ஓடையில தேடித் தேடி எடுத்தேன். இடுப்புல வெள்ளையா ஒரு சுத்து இருக்கும். அர்ணாக்கயிறு கட்டின மாதிரி."

நான் தண்ணியில நின்னுக்கினு இருந்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணி. சில்லுன்னு இருந்தது இப்பவும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் இன்னா நடந்ததுன்னு ஞாபகம் இல்ல. "அண்ணா, அண்ணா"ன்னு ஒயரிங் தம்பி தோளைப் பிடிச்சு உலுக்கினது தெரியும்.

என் பை கரையில இருந்தது. காலையில இருந்து என் பக்கத்துலதான் இருந்தது. நார் எடுக்கப் பத்து தடவை அதுக்குள்ள கையை விட்டிருப்பேன்.

எடுத்துக் குடுத்தேன். நூல் அப்படியே கட்டி இருந்தது, அந்த வெள்ளைச் சுத்து மேலயே.

அவங்க கையில வாங்கினாங்க. நெஞ்சுல வெச்சுக்கல, ஒண்ணும் இல்ல. நூலைப் பார்த்தாங்க.

"இது இன்னாத்துக்கு?"

"கம்பம் நேரா நிக்குதான்னு பார்க்க."

"நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

நான் போட்ட முடிச்சு. வேலைக்காரன் முடிச்சு, சுலபமா அவிழாது. ஈரத்துல இன்னும் இறுகி இருந்தது. தலைவர் கத்தியை நீட்டினார். அவங்க வாங்கல. கரையில உட்கார்ந்து பல்லால அவிழ்த்தாங்க. ரொம்ப நேரம் ஆச்சு. நாங்க எல்லாரும் நின்னோம். அவிழ்ந்ததும் நூலை என்கிட்ட நீட்டினாங்க. வாங்கிக்கிட்டேன்.

மேல போய் வடக்கு மூலையில அவங்களே வெச்சாங்க.

நான் கட்டின ஓரத்தையும் படியையும் நானே பிரிச்சேன். கட்ட அரை நாள், பிரிக்க ஒரு மணி நேரம். பெரிய கல்லை எல்லாம் ஆம்பளைங்க எடுத்துப் போனாங்க. அடுப்புக்கல்லு மூணையும் சமையல் அக்கா யார்கிட்டயும் குடுக்கல. அவங்களே ஓடைக்குத் தூக்கிப் போய், கொப்பளிச்ச கையால கரி போறவரைக்கும் தேய்ச்சாங்க. ஒரு கல்லுல கரி முழுசும் போகல. அதை வாங்க வந்தவர், "போதும் வுடு தாயி"ன்னார். அதுக்குத்தான் அக்கா அழுதாங்க.

ரிப்போர்ட் குடுக்கல. சாமான் வரல. அடுத்த மாசம் அந்தக் கம்பத்தையும் வலையையும் எடுத்துக்கினு திரும்பப் போனோம். கடைக்காரர் கூடவே நின்னு எடத்தைக் காட்டினார். கீழ் எடம். உன்னிச்செடி வெட்ட, நான் சொன்ன மாதிரியே நாலு நாள் ஆச்சு. கம்பத்துக்குக் குவாரி ஜல்லி கீழ இருந்தே ஏத்திக்கினு போனோம். இப்ப பசங்க ஆடுறாங்க. பந்து சில நேரம் மேல போய் விழும். எடுக்கப் போற பையன் செருப்பைக் கழட்டிட்டுப் போறான்.

தூக்குக்குண்டு கடையில புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். இரும்பு.

கொல்லையில கல்லு பொறுக்குறப்போ இப்பவும் கை தானா பிரிக்குது. சின்னது வந்தா கை நின்னுடுது. கூட வேலை செய்யிறவங்க, "இன்னா மேஸ்திரி, கல்லுகிட்ட பேசிக்கினு இருக்கியா?"ன்னு கேட்பாங்க.

அன்னிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சேன். எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க. நான் பெரியவர்கிட்ட கேட்டுட்டு, வெறுங்காலோட ஒரு தடவை உள்ள போனேன். யாரோ அதுக்குள்ள பெருக்கி இருந்தாங்க. வரிசை வரிசையா நடந்தேன். சின்னதை மட்டும் எண்ணினேன். நான் மூணு சட்டின்னு சொன்னதை.

முப்பத்தெட்டு.